சிக்கலில் வேல் வாங்கிட்டுக் கிளம்புங்க

ஓம் சரவணபவ.



வேலை கிடைச்சோ, படிப்புக்கு இடம் கிடைச்சோ, முதன்முதலா வீட்டை விட்டு வெளியூர் கிளம்புற தம்பி தங்கச்சிகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பஸ்ஸுல ஏறி உட்கார்ந்த பிறகு படிச்சாலும் சரி, ஆனா பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி படிச்சா இன்னும் நல்லது.

நாம கும்பிடுற சாமியே வீட்டை விட்டுக் கிளம்பினவர்தான். அதுவும் ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. முதல் தடவை போன கதை எல்லாருக்கும் தெரியும். நாரதர் கொண்டுவந்த ஞானப்பழம், உலகத்தைச் சுத்துற போட்டி, அண்ணன் அம்மா அப்பாவைச் சுத்திட்டுப் பழத்தை வாங்கிட்டார். மயில்ல ஏறி நிஜமாவே உலகத்தைச் சுத்திட்டு வந்த தம்பிக்கு ஒண்ணும் இல்லை. கோபம். கைலாசமும் வேண்டாம், யாரும் வேண்டாம்னு கோவணத்தோட பழனியில வந்து நின்னுட்டார். இந்தக் கதையில நாம அடிக்கடி மறந்துபோற பாதி ஒண்ணு இருக்கு. அம்மாவும் அப்பாவும் அவர் பின்னாலேயே வந்தாங்க. "பழம் நீதானப்பா"ன்னு சமாதானம் சொன்னாங்க. அவர் திரும்பிப் போகலை. அவங்களும் இழுத்துட்டுப் போகலை. நின்ன இடம் படைவீடாச்சு. அதனால, சண்டை போட்டுட்டு வீட்டை விட்டு வந்தவங்க யாராவது இதைப் படிச்சா, மனசு உடைஞ்சு போகாதீங்க. கோபத்துல போன பிள்ளையையும் தேடி வர்றவங்கதான் அம்மா அப்பா.

ஆனா இன்னைக்கு நான் சொல்ல வந்தது ரெண்டாவது தடவை கிளம்பினதைப் பத்தி. அது எங்க ஊர்ப் பக்கத்துக் கதை.

திருவாரூர்லேருந்து நாகப்பட்டினம் போற ரோட்டுல, ஏறக்குறைய 20 கிலோமீட்டர்ல சிக்கல். ஊர்ப்பேரைக் கேட்டதும் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துல வர்ற சிக்கல் சண்முகசுந்தரம் ஞாபகம் வந்தா தப்பில்லை, அதே சிக்கல்தான். அங்கே சாமி பேரு வெண்ணெய்ப்பிரான், நவநீதேஸ்வரர். அம்பாள் வேல்நெடுங்கண்ணி. பிள்ளை சிங்காரவேலன். சூரனோட சண்டைக்குக் கிளம்புற முருகன், இந்த அம்மா கையாலதான் வேல் வாங்கிட்டுப் போனார்ங்கிறது தல வழக்கு. சிக்கல்ல வேல் வாங்கி செந்தூர்ல சம்ஹாரம்னு எங்க பக்கம் குழந்தை கூட சொல்லும்.

கந்தபுராணத்துல 'விடைபெறு படலம்'னே ஒரு படலம் இருக்கு. கிளம்புறதுக்குன்னு தனியா ஒரு படலம், யோசிச்சுப் பாருங்க. அங்கே அப்பா சிவபெருமான் படைக்கலம் எல்லாம் கொடுத்து அனுப்புறார். சிக்கல்ல அம்மா கொடுத்து அனுப்புறாங்க. ரெண்டுல எது சரின்னு வாதாட வேண்டாம். பிள்ளை கிளம்பும்போது வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு கொடுக்கத்தானே செய்வாங்க?

பழனிக்குப் போனப்போ கையில ஒண்ணும் இல்லை. செந்தூருக்குப் போனப்போ கையில வேல். முதல் தடவை சொல்லாம போனார், ரெண்டாவது தடவை அம்மா முன்னாடி போய் நின்னு, கையை நீட்டி வாங்கிட்டுப் போனார். இந்தக் கை நீட்டுறது இருக்கே, அதைப் பத்தித்தான் பேசணும்.

போன ஆனி மாசம் எங்க அக்கா பொண்ணு சென்னைக்கு வேலைக்குக் கிளம்பினா. திங்கட்கிழமை காலையில சேரணும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில். கையில இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அந்த ரெண்டு நாளும் திருவாரூர்ல அவங்க வீடு வீடாவே இல்லை. வாஷிங் மிஷின் ஓயாம ஓடுது. மிளகாய்ப் பொடி அரைக்க ஒருத்தர் மிஷினுக்கு ஓடுறார், ஜெராக்ஸ் எடுக்க ஒருத்தர் கடைத்தெருவுக்கு. புதுசா வாங்கின பெட்டிக்கு ஜிப் பிஞ்சு போச்சு, மறுபடி கடைக்கு ஓட்டம். மன்னார்குடியிலேருந்து சித்தப்பா குடும்பம் வழியனுப்ப வந்து இறங்கியாச்சு, அவங்களுக்குச் சமையல். இதுக்கு நடுவுல அத்தான் வீட்டுலேயே இல்லை. வாய்க்கால்ல தண்ணி வந்து, குறுவை நடவுக்கு ஆள் கிடைச்சதே அந்த சனிக்கிழமைதான். விட்டா அப்புறம் எப்போ ஆள் கிடைக்கும்னு தெரியாது. பொண்ணு கிளம்புறான்னு வயல் காத்திருக்குமா?

அக்கா ஒரு அட்டைப் பெட்டி நிறைய அடுக்கி வச்சிருந்தா. மோர் மிளகாய், வடகம், பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, அஞ்சு கிலோ அரிசி, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், விபூதிப் பொட்டலம். பொண்ணு பார்த்துட்டு, "என்னம்மா இது? இதெல்லாம் அங்கே போன்ல தட்டினா பத்து நிமிஷத்துல வாசலுக்கு வந்துடும். நான் என்ன காட்டுக்கா போறேன்?"ன்னா. அவ சொன்னது நிஜம்தான். சென்னையில எல்லாமே கிடைக்கும். அக்கா ஒண்ணும் பேசலை. அரிசியை எடுத்துக் கீழே வச்சா. அப்புறம் வடகம். அப்புறம் ஊறுகாய் பாட்டில். ஒவ்வொண்ணா எடுத்து சமையல் மேடையில திரும்ப வச்சிட்டு, அடுப்பைத் துடைக்க ஆரம்பிச்சிட்டா. காலையிலேயே துடைச்ச அடுப்பு.

தம்பி, தங்கச்சி, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க.

முருகனுக்கு வேல் இல்லாம சண்டை போட முடியாதா? அவர் பரம்பொருள். நெத்திக்கண் நெருப்புலேருந்து பிறந்தவர். ஒரு பார்வை பார்த்தா சூரன் சாம்பல். அவருக்கு அம்மா கொடுத்துத்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்லை. இருந்தாலும் வந்து கேட்டு நின்னார், வாங்கினார். வாங்கினது அவருக்கு வேணும்னு மட்டும் இல்லை, கொடுக்குறது அம்மாவுக்கு வேணும்னுதான். இப்படி எந்தப் புராணத்துலயும் எழுதியிருக்கான்னு கேட்காதீங்க, இது அந்தச் சன்னதியில நின்னப்போ என் மனசுக்குப் பட்டது.

கந்தசஷ்டி அஞ்சாம் நாள் ராத்திரி சிக்கல்ல வேல் வாங்குற உற்சவம். அம்மாகிட்ட வேலை வாங்கிட்டு சன்னதிக்குத் திரும்புற சிங்காரவேலன் முகத்துல முத்து முத்தா வியர்க்கும். பட்டுத்துணியால துடைக்கத் துடைக்க வியர்க்கும். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். சூரன் மேல உள்ள கோபம், வேலோட உக்கிரம், அதனால வியர்க்குதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது சரிதான். ஆனா எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வேற ஒண்ணும் தோணும். பஸ் ஸ்டாண்டுல, ரயில் நிலையத்துல, வண்டி கிளம்புற நேரத்துல பசங்க முகத்தைப் பார்த்திருக்கீங்களா? வியர்க்கிற மாதிரி துடைச்சுப்பாங்க. வெறும் வியர்வைதான்னு சொல்லிப்பாங்க.

அப்பாக்களைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா சிக்கல்ல அதுவும் இருக்கு. காமதேனுவோட பாலால நிறைஞ்ச குளம், அதுலேருந்து எடுத்த வெண்ணெயில வசிஷ்டர் லிங்கம் பிடிச்சுப் பூஜை பண்ணினார். பூஜை முடிஞ்சு லிங்கத்தை எடுக்கப் பார்த்தார், வரலை. அங்கேயே சிக்கிக்கிச்சு. அதனாலதான் ஊருக்கே சிக்கல்னு பேரு. ஆக, ஒரே கோயில்ல அம்மா வேல் கொடுக்குறாங்க, பிள்ளை கிளம்புறார், அப்பா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையலை. ஒண்ணும் பேசவும் இல்லை. ஆனா அவர் எதால ஆனவர்? வெண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தான் வயல்லேருந்து வந்தார். காலெல்லாம் சேறு. குளிச்சிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாம பெட்டியோட ஜிப்பை மூணு தடவை இழுத்து இழுத்துப் பார்த்தார். பெட்டி மேல மார்க்கர் பேனாவால தன் போன் நம்பரைப் பெருசா எழுதினார். பொண்ணு, "அப்பா, ஸ்கூல் பிள்ளை மாதிரி என்னப்பா இது"ன்னு சிரிச்சா. எல்லாரும் ஆட்டோ வந்ததைப் பார்க்க வாசலுக்குப் போன நேரத்துல, மேடையில இருந்த ஊறுகாய் பாட்டிலை ஒரு பழைய துண்டுல சுத்தி, அவ துணிக்கு நடுவுல சொருகினார். நான் பார்த்தேன். பார்த்ததை அவர்கிட்ட சொல்லிக்கலை. செவ்வாய்க்கிழமை பொண்ணு எனக்கு ஒரு போட்டோ அனுப்பினா. தட்டுல தயிர்சாதம், ஓரத்துல நார்த்தங்காய். கீழே எழுதியிருந்தது: "மாமா, இதை யாரு வச்சது? அம்மாவா?" அம்மா வேண்டாம்னு எடுத்து வச்சதை அப்பா வச்சார்னு பதில் போட்டேன். ரொம்ப நேரம் அவகிட்டேருந்து ஒண்ணும் வரலை. அப்புறம், "அடுத்த தடவை வரும்போது அரிசியும் எடுத்துக்கறேன்"னு ஒரு வரி.

வீட்டுல இருக்குற பெரியவங்களுக்கும் எங்க பக்கத்துல ஒரு கோயில் இருக்கு. எட்டுக்குடி. சித்ரா பௌர்ணமிக்குப் பால் காவடி வெள்ளமா வரும் ஊர். அங்கே முருகன், மயில் எல்லாம் ஒரே கல்லு. அத்தனை பாரமும் மயிலோட ரெண்டு கால்லதான் நிக்குது. சிற்பி அதைச் செதுக்கி முடிச்சதும், மயிலுக்கு உயிர் வந்து பறக்கப் பார்த்துச்சாம். ராஜா, "எட்டிப் பிடி, எட்டிப் பிடி"ன்னு கத்தினாராம். பிடிச்ச பிடியில மயிலோட காலுக்கு அடிபட்டு, அப்படியே சிலையா நின்னுடுச்சாம். எட்டிப்பிடிதான் எட்டுக்குடி ஆச்சுன்னு சொல்லுவாங்க. சாமி நமக்குக் கிடைச்சது, சந்தோஷம். ஆனா அந்த மயில் இன்னமும் பறக்கலைங்கிறதையும் பார்க்கணும். பிள்ளை பறக்கும்போது எட்டிப் பிடிக்கவும் செய்யலாம், வேல் கொடுத்து அனுப்பவும் செய்யலாம். எந்த ஊர்க் கதை நம்ம வீட்டுல நடக்கணும்னு பெரியவங்கதான் முடிவு பண்ணணும்.

அப்படி மனசைக் கல்லாக்கிட்டு அனுப்பின ஒரு அப்பா திருவாரூர்லயே இருந்தார். ராமசுவாமி தீட்சிதர். ரொம்ப நாள் பிள்ளை இல்லாம, வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமியை வேண்டி, 1775-ல திருவாரூர்ல பிறந்த பிள்ளைக்கு முத்துசுவாமின்னு பேரு வச்சார். பிற்பாடு குடும்பம் சென்னைக்குப் பக்கத்துல மணலியில இருந்தப்போ, சிதம்பரநாத யோகி வந்து, இந்தப் பிள்ளையை என்கூட காசிக்கு அனுப்புங்கன்னு கேட்டார். வேண்டிப் பெத்த பிள்ளை. அந்தக் காலத்துக் காசி, ரயில் இல்லை, போன் இல்லை. அப்பாவுக்கு மனசே வரலைன்னு சொல்லுவாங்க. ஆனாலும் அனுப்பினார்.

காசியிலேருந்து திரும்பி வந்த அந்தப் பையன் திருத்தணி முருகன் மலைக்குப் போனப்போ, ஒரு பெரியவர் வந்து வாயைத் திறன்னு சொல்லிக் கல்கண்டு போட்டாராம். அதுலேருந்து பாட்டு வந்தது. கடைசி வரைக்கும் அவர் பாட்டுல 'குருகுஹ'ங்கிற முருகன் பேருதான் முத்திரை. காசி பார்த்துட்டு வந்தவர் மறுபடி திருவாரூருக்கு வந்து இருந்து, நம்ம ஊர் கமலாம்பாள் மேல நவாவரணக் கீர்த்தனைகளைப் பாடினார். அனுப்பின அப்பாவுக்கு இது எதுவும் முன்னாடியே தெரியாது. தெரிஞ்சு அனுப்புறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லையே.

சரி, கிளம்பியாச்சு. போய்ச் சேர்ந்தாச்சு. அப்புறம்?

திருவாரூர்லேருந்து சிக்கல் போற அதே ரோட்டுல, சிக்கலுக்கு முன்னாடியே கீழ்வேளூர் வரும். பஸ்ஸுல போறவங்க முக்கால்வாசிப் பேர் இறங்க மாட்டாங்க. அடுத்த தடவை இறங்குங்க. கேடிலியப்பர் கோயில். சூரனை வதம் பண்ணின பாவம் தீர முருகன் அங்கே வந்து தவம் இருந்தார்னு தலபுராணம். ஜெயிச்ச பிள்ளைதான், ஆனா அந்த வெற்றி மனசை அரிக்குது. வெளியூர்ல முதல் வருஷம் இருந்தவங்களுக்கு இது புரியும். ஆபீஸ்ல எல்லாம் நல்லா போகும், ராத்திரி ரூமுக்கு வந்தா என்னமோ பண்ணும்.

தவம் இருக்கும்போது துஷ்ட சக்திகள் வந்து கலைக்குது. அப்போ அம்பாள் என்ன பண்ணினாங்க தெரியுமா? பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கலை, தவத்தையும் நிறுத்தச் சொல்லலை. நாலு திசையும் ஆகாயமும் சேர்த்து அஞ்சு பக்கமும் வட்டமா நின்னு காவல் காத்தாங்க. அதனால அங்கே அவங்களுக்கு அஞ்சுவட்டத்தம்மன்னு பேரு. உள்ளே பிள்ளை கண்ணை மூடித் தவத்துல இருக்கார். வெளியில அம்மா நிக்கிறது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

எங்க அக்கா பொண்ணு இப்பவும் என்கிட்ட குறை சொல்லுவா. "மாமா, அம்மா ஒரு நாளைக்கு அஞ்சு தடவை போன் பண்றா. எந்திரிச்சியா, சாப்பிட்டியா, ஆபீஸ் போயிட்டியா, வந்துட்டியா, கதவைப் பூட்டியாச்சா. மீட்டிங்ல இருக்கும்போது கூட."

அஞ்சு தடவை. எண்ணிக்கையைக் கவனிச்சீங்களா?

மீட்டிங்ல இருந்தா அப்புறம் எடுங்க, தப்பில்லை. ஆனா எடுங்க. ஐப்பசி அமாவாசை முடிஞ்சு மறுநாள் கந்தசஷ்டி ஆரம்பம். தீபாவளிக்கு ஊருக்கு வர்றவங்க, முடிஞ்சா லீவை நாலஞ்சு நாள் நீட்டிக்கோங்க. அஞ்சாம் நாள் சாயங்காலம் அம்மா அப்பாவையும் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினம் பஸ்ஸுல ஏறுங்க. வழியில கீழ்வேளூர்ல இறங்கி அஞ்சுவட்டத்தம்மனைப் பார்த்துட்டு, இருட்டுறதுக்கு முன்னாடி சிக்கல் போய்ச் சேர்ந்துடுங்க. ஐப்பசி மழை இருக்கும், குடை எடுத்துக்கோங்க. கூட்டத்துல அம்மா கையை விட்டுடாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!