இழுவைக் குதிரையும் புலனடக்கமும்

வண்டி இழுத்துப் பழகிய குதிரையைத் தடை தாண்டப் பழக்கும்போது கடிவாளம் எதிர்பார்த்த வேலையைச் செய்வதில்லை. தோளிலும் மார்பிலும் பாரம் அழுத்தினால் அதை எதிர்த்து முன்னே சாய வேண்டும் என்பதற்காகவே இழுவை இனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டன. அப்படிப்பட்ட குதிரை துடியானதாகவும் இருந்துவிட்டால், தடையைக் கண்டதும் வேகமெடுக்கும். ஏறியிருப்பவர் பயந்து லகானை இறுக்குவார். இறுக்க இறுக்க அது அந்த இறுக்கத்தின் மேலேயே சாய்ந்து இன்னும் விசையாக ஓடும். 600, 700 கிலோ எடையுள்ள உடலைக் கைவலுவால் நிறுத்த எவராலும் ஆகாது. புலன்களைக் குதிரைகளாகவே பார்த்துவந்த சமய மரபின் முன் இது ஒரு கேள்வியை வைக்கிறது: புலனடக்கம் என்பது இழுத்துப் பிடிப்பதா, வேறொன்றா?

கட உபநிடதம் உடலைத் தேராகவும், புத்தியைத் தேரோட்டியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகிக்கிறது. கிரேக்கத்தில் பிளேட்டோ, ஃபீட்ரஸ் என்னும் உரையாடலில், ஆன்மாவை இரண்டு குதிரை பூட்டிய தேராக்கினார். ஒன்று சொன்னபடி கேட்கும், மற்றது முரண்டுபிடிக்கும். வாயில் இரத்தம் வரும்வரை இழுத்துத்தான் தேரோட்டி அதைப் பணியவைக்கிறான். உபநிடதத்தில் இந்த வன்முறை இல்லை. அறிவுள்ள தேரோட்டிக்கு நல்ல குதிரைகள் கட்டுப்படும் என்று சொல்லும் அது, அவை எப்படி நல்லவை ஆயின என்பதைச் சொல்லவில்லை. பிளேட்டோவின் காலத்தவரும் போர்க்களத்தில் குதிரையை அறிந்தவருமான செனஃபோன் அதற்கு விடை தருகிறார். வலிந்து செய்யவைத்ததைக் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை என்றும், மிரளும் குதிரையை அடித்தால் மிரட்சிதான் கூடும் என்றும் அவர் தம் குதிரையேற்ற நூலில் எழுதினார். இந்த விஷயத்தில் தத்துவ அறிஞரைவிடப் படைவீரரே சரியாகக் கண்டிருக்கிறார்.

புதுச்சேரிக்கும் இந்தக் கேள்விக்கும் நெருங்கிய உறவு உண்டு. குதிரையேற்றத் தேர்வில் கலந்துகொள்ளாததால் 1892இல் ஐ.சி.எஸ். பணி வாய்ப்பை இழந்த அரவிந்தர், 1910 ஏப்ரலில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1914 ஆகஸ்டில் தொடங்கிய 'ஆர்யா' இதழில், வேதம் கூறும் குதிரையை உயிராற்றலின் குறியீடாகப் பொருள்கொண்டு எழுதினார். அப்படிக் கொண்டால் குதிரை தேரோட்டிக்குப் பகையாகாது. அது இல்லாமல் தேர் நகரவே நகராது. எல்லா உயிரும் தன் இயல்பின்படி நடக்க, ஒடுக்குவதால் என்ன ஆகும் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கேட்கிறது. அந்த இடத்தை விளக்கும்போது அவர், இயல்பை நசுக்குவது வேறு, அதை உயர்ந்த அறிவின் ஆளுகைக்குள் கொண்டுவருவது வேறு என்று பிரித்துக் காட்டினார். புதுச்சேரிக்கு அருகே, அவர் நெறியை ஒட்டி 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் ரெட் எர்த் என்னும் குதிரையேற்றப் பள்ளி அமைந்தது. ஏட்டில் அவர் பிரித்துக் காட்டியது பயிற்சிக் களத்தில் கண்ணெதிரே தெரியும்.

இழுவைக் குதிரைக்கு முதல் பாடம் தரையில் கிடத்திய ஒற்றைக் கழியை நடந்து கடப்பது. பிறகு நான்கைந்து கழிகளை ஏறத்தாழ 1.3 மீட்டர் இடைவெளியில் போட்டு மெல்லோட்டத்தில் கடக்கவிடுவார்கள். பெரிய உடலுக்கு இடைவெளி சற்றுக் கூடலாம். காலை எங்கே வைப்பது என்று கவனிக்க வேண்டியிருப்பதால் குதிரை தானாகவே நிதானிக்கிறது. லகானால் முடியாததைக் கழிகள் செய்துவிடுகின்றன. பரபரப்பு ஏறினால் தடைக்கு முன்பே வட்டமாகத் திருப்பி, அது அடங்கிய பின் மீண்டும் வருவார்கள். லகானை இழுத்தாலும் உடனே விட்டுவிட வேண்டும். விட்ட கையில் சாய்வதற்குக் குதிரைக்கு எதுவும் இருக்காது.

தாண்ட எழும்போது குதிரை கழுத்தை நீட்டித் தன் எடையைச் சமன்செய்கிறது. அந்தக் கணத்தில் கை அதனோடு முன்னே போக வேண்டும். பிடித்து வைத்தால் வாய் நோகும், முதுகு இறுகும். அடுத்த முறை அது மறுத்து நிற்கும், அல்லது கண்மண் தெரியாமல் பாயும். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை என்பதால் நெற்றிக்கு நேர் முன்னே அதற்குப் பார்வை எட்டாத பகுதி உண்டு. எழும் வேளையில் தடை அந்தப் பகுதிக்குள் மறைந்துவிடுகிறது. ஏற்கெனவே பார்த்து வைத்ததை நம்பித்தான் அது தாண்டுகிறது. மனத்தை வசப்படுத்தக் கீதையின் ஆறாம் அத்தியாயம் பயிற்சியையும் பற்றின்மையையும் சேர்த்தே சொல்வதன் நியாயம் இங்கே விளங்கும். கழிகளின் மேல் திரும்பத் திரும்ப நடத்துவது பயிற்சி என்றால், உரிய நேரத்தில் பிடியை விடுவது பற்றின்மை.

தமிழ்ச் சைவத்தின் பெரிய குதிரைக் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் அந்தப் பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டிவந்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறின. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை இன்றும் நடத்தப்படுகிறது. இறைவன் அடியாருக்காக இறங்கிவந்த அருளைச் சொல்வதே கதையின் நோக்கம். ஆயினும் வெளியிலிருந்து ஏற்றிய வடிவம் இயல்பை மாற்றிவிடாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

உருவகம் இதற்கு மேல் செல்லாது. புலனுக்கு என்று தனியே ஒரு நோவு இல்லை, குதிரைக்கு உண்டு. எந்தக் குதிரைக்கும் உடல் எடையில் பாதிக்கு மேல் முன்கால்களில்தான் நிற்கிறது. தாண்டி இறங்கும்போது விசை முழுவதும் முதலில் அந்தக் கால்களில்தான் விழுகிறது. கனத்த உடலுக்கு அந்த அடி இன்னும் கடுமையானது. ஆகவே இழுவைக் குதிரைக்குத் தடையின் உயரத்தைக் குறைவாகவே வைப்பது அதன் இயல்புக்குக் காட்டும் மரியாதை. ஓட்டுபவரின் பெருமைக்காக அதை உயர்த்துவது அறமன்று. பயிற்சி முடிந்ததும் பழக்குபவர் அதன் முன்கால்களைத் தடவிப் பார்க்க வேண்டும். சூடோ வீக்கமோ தட்டுப்பட்டால், கால் தேறும்வரை தாண்டவைக்கக் கூடாது.