முதலில் விட்டுக்கொடுத்தவர்



தொடக்கநூல் 13ஆம் அதிகாரத்தை இன்று கேட்டோம். மேய்ச்சல் நிலம் போதவில்லை. ஆபிராமின் மேய்ப்பர்களுக்கும் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் தகராறு. பெரியவர் ஆபிராம்தான். ஆனாலும், பிடித்த பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தம் சகோதரர் மகனான லோத்துக்கே கொடுத்துவிட்டார்.

இடத்துக்கான சண்டை பூச்சிகளுக்குள்ளும் உண்டு. மழை விட்டபின் நம் சுண்ணாம்புக்குளத்துக் குளக்கரையில் தட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். கோரையில் உட்கார்ந்திருக்கும் ஆண் தட்டான், இன்னொரு ஆண் நெருங்கினால் துரத்தும். அமெரிக்காவில் மார்டன், வாகே என்ற ஆய்வாளர்கள் கருஞ்சிறகு ஊசித்தட்டான்களின் சண்டையை ஆராய்ந்து 1990இல் எழுதினார்கள். அவை கடித்துக் குதறுவதில்லை. ஒன்றையொன்று சுற்றிப் பறந்துகொண்டே இருக்கும். உடம்பில் கொழுப்பு மிச்சமுள்ளது வெல்லும், குறைந்தது விலகும்.

அதே உடம்புக்குள் இன்னொரு போரும் நடக்கிறது. ஒட்டுண்ணி புகுந்தால் பூச்சியின் உடல் அதைச் சுற்றி மெலனின் என்ற கரும்பொருளால் உறை கட்டி அடக்கும். சிறகுக்குக் கருமை தருவதும் அந்த மெலனினே. வெளியே எதிரியைத் துரத்தவும் உள்ளே நோயை அடக்கவும் இறைவன் தந்திருப்பது ஒரே உடம்பு. தின்று சேர்த்த ஒரே பலம். குடலில் ஒட்டுண்ணி குடியேறிய ஆண் தட்டான்கள் இடம் பிடிப்பதில் பின்தங்குவதை மார்டன் பின்னர் கண்டார்.

ஒரு ஊருக்கும் பலம் ஒன்றுதான். ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து மீன் குறையும்போது, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகும்போது, கடன் கழுத்தை நெரிக்கும்போது நம்மைத் தாங்குவது அக்கம்பக்கத்து உறவு. வலை போடும் இடத்துக்காக அந்த உறவை முறித்துக்கொண்டால், துன்பம் வரும் நாளில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவோம்?

பழவேற்காட்டு ஏரியில் நம் முன்னோர் பாடு வைத்தார்கள். குலுக்கல் போட்டு, முறை வைத்து, நல்ல இடம் எல்லாருக்கும் மாறி மாறி வரச் செய்தார்கள். ஆபிராமின் ஞானம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடு முறையில் பங்கு கிடைக்காத ஊர்களும் குடும்பங்களும் இந்த ஏரிக்கரையில் உண்டு. அவர்களுடைய பசியும் ஆண்டவர் முன் நிற்கிறது. முறை நமக்குள் மட்டும் நின்றுவிட்டால் அது பாதி நீதிதான்.

இந்த வாரம், பேச்சுவார்த்தை நின்றுபோன ஒருவரைத் தேடிப் போங்கள். யார் மேல் தப்பு என்று கணக்குப் பார்க்காமல் முதலில் நீங்கள் பேசுங்கள். விட்டுக்கொடுத்த ஆபிராமுக்குத்தான் ஆண்டவர் நாற்றிசையையும் காட்டி, நிலத்தை வாக்களித்தார்.

ஆமென்.