பின்னால் என்ன ஆகும்?

"டெஸ்ட் எல்லாம் எதுக்கு? எடுத்தா சர்க்கரை இருக்குன்னு சொல்லிடுவாங்க." நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சர்க்கரை இருந்தால் மாத்திரை போட வேண்டும், பலகாரத்தை விட வேண்டும். அது பிடிக்காததால் சர்க்கரை இல்லை என்றே நம்பிக்கொள்கிறோம். உடம்பில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, பின்னால் என்ன ஆகுமோ என்ற பயம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறது.

இந்தப் பயம் உடம்பு விஷயத்தோடு நிற்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, இந்தப் பெண்ணுக்குப் படிப்பு வருமா என்பது பெரிதாகப் படவில்லை. பெண் ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்தால் பையன்கள் என்ன ஆவார்கள் என்பதே கவலையாக இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து அவர் டாக்டரானார்.

பிற்பாடு சென்னை சட்டசபையில், சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் குரல் எழுப்பினார். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. அவரும் இதே புதுக்கோட்டை மண்ணில், திருமயத்தில் பிறந்தவர். நாட்டுக்காகச் சிறை சென்ற மனிதர். வழக்கம் போனால் கோயிலோடு வளர்ந்த கலையும் மரபும் கூடவே போய்விடும் என்பது அந்தத் தரப்பின் பயம்.

அதை வெறும் பயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விராலிமலை முருகன் கோயிலுக்கு ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். சதிராட்டக் கலைஞரான அவருக்கு 2022 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோயிலில் பாடி ஆடிய நாட்களை அவர் பெருமையோடுதான் நினைவுகூர்வார். வழக்கம் நின்றபோது அப்படிப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு வருமானமும் மரியாதையும் சேர்ந்தே போயின. சதிர், பரதநாட்டியம் என்ற பெயரோடு வேறு வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. கலை பிழைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களுக்கு நேர்ந்த இழப்பும் நிஜம்.

ஆனால் முத்துலட்சுமி கேட்டது வேறு கேள்வி. சம்மதம் என்றால் என்னவென்றே தெரியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை அடுத்தவர்கள் முடிவு செய்கிறார்களா, இல்லையா? வளர்ந்த பிறகு அவளைச் சுரண்டுகிறார்களா, இல்லையா? இதற்கான பதில் அந்தக் குழந்தைகளின் வாழ்க்கைக்குள்தான் இருந்தது. சதிர் பிழைக்குமா என்று யோசித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கலை அடியோடு அழிந்துபோயிருந்தாலும் அந்தப் பதில் மாறியிருக்காது.

அப்படியானால் விளைவை எண்ணிப் பார்க்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அவசியம் பார்க்க வேண்டும். எவ்வளவு கவனமாக விசாரிப்பது, தெரிந்துகொண்ட பின் என்ன செய்வது, இந்த இரண்டுக்கும் அது வேண்டும். பெரிய பாதிப்பு வரக்கூடிய விஷயத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது நல்லது. ரத்தப் பரிசோதனையையும் இன்னொரு லேபில் எடுத்துப் பார்க்கலாம்; தவறில்லை. அங்கேயும் அதே எண் வந்தபின், பலகாரத்தின் மேல் உள்ள ஆசைக்காக அந்த எண்ணை நம்ப மறுப்பதுதான் நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல்.

தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வர 1947 ஆகிவிட்டது. ஒழித்துவிட்டால் இந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. முத்துலட்சுமிக்கும் அது தெரியும். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியேறிய சிறுமிகள் 1930 இல் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே அழைத்துக்கொண்டார். அத்தகைய சிறுமிகளுக்கான அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது.