கிணற்று நீர் யாருக்கு உரியது?

தன் காணியிலே தான் வெட்டுவித்த கிணற்றின் நீர் தனக்கே உரியது என்பது நம்மவருட் பெரும்பாலார் ஆராயாது கொண்ட கருத்தாகும். காணிக்கு உறுதி உண்டு. எல்லைக்கு வேலி உண்டு. ஆதலால் வேலிக்குள்ளே மேலுள்ள மரமும் கீழுள்ள நீரும் உடையவன் இட்ட வழக்கே என்பர். இக்கருத்து அறத்தோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலிலே நீரின் இயல்பை அறிதல் வேண்டும். இயல்பறியாது உரிமை பேசுதல் பொருளைக் காணாது விலை பேசுதலை ஒக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வலிகாமத்து வழுக்கையாறு தானும் மாரியிலே ஓடிக் கோடையிலே வறண்டு கிடப்பது. நமக்கு ஆறு நிலத்தின் கீழே உள்ளது எனல் தகும். பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலால் அதன்மேலே மிதந்து நிற்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று. நன்னீர் மட்டம் கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி நிற்குமாயின், கடன்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பௌதிக நூலார் கணக்கு. அக்கணக்கின்படி மேலே ஓரடி குறையுமாயின் கீழே உவர் 40 அடி ஏறுதற்கு இடமாகும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே மனிதருடைய களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரத்துக்கோ களைப்பில்லை.

இதனாற் பெறப்படுவது யாது? வேலி நிலத்தின் மேலே நிற்பதன்றிக் கீழே செல்வதில்லை. ஓரூரிலே ஆயிரங் கிணறுகள் உளவாயினும், அவை ஒரு நீர்நிலையின் ஆயிரம் வாய்களேயாம். நம் முன்னோர் இதனை முற்றும் அறியாதவரல்லர். ஒரு கிணற்றைப் பலர் பங்காக உடையராய், முறைவைத்து இறைத்து, அப்பங்கையும் வாய்க்காலையும் வழியையும் உறுதியிலே எழுதுவித்தனர். பங்காளி ஒருவன் தன் பங்கின் பொருட்டு அக்கிணற்றிலே அழுக்கிடலாம் என்று எவரேனுஞ் சொல்வரோ? ஒரு கிணற்றின் பங்காளருக்கு உள்ள அறம், நீர்நிலை முழுவதற்கும் பங்காளராகிய ஊராருக்கு இல்லையாதல் எங்ஙனம்?

அற்றேல், "என் வீட்டு மலகூடக்குழி ஒன்றினாலும், என் தோட்டத்துக்கு இடும் உரம் ஒரு மூடையினாலும் ஊர்நீர் கெட்டுவிடுமோ?" என்பாரும் உளர். இவ்வினாவே தீமைக்கு வேராயுள்ளது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமின் மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு கடந்திருத்தல் ஆய்வுகளிலே காணப்பட்டது. செயற்கை உரமும் மலகூடக்குழிகளின் கசிவுமே அதற்குப் பெருங் காரணங்கள். அந்நஞ்சு நிறங் காட்டாது, மணங் காட்டாது, காய்ச்சினாலும் நீங்காது. அந்நீரிற் கரைத்த புட்டிப்பாலை உண்ணும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றல் குறையும்.

அத்தீங்கைச் செய்தவன் யார்? நூறு பேரும் தனித்தனியே "யான் அல்லேன்" என்பர். ஒவ்வொருவர் சொல்லும் மெய்போலத் தோன்றும். குழந்தையின் நோயோ மெய்யாகவே இருக்கும். செய்தவர் பலரானமையாற் செய்கை இல்லையாகாது. பலர் சேர்ந்து பட்ட கடனை, பலர் பட்டமை பற்றித் தீர்ந்ததென்று சொல்லும் நீதிமன்றம் உண்டோ? "அறியேன்" என்பது அறியுமுன் சொல்லத்தகும். அறிந்தபின்னும் சொல்லின் அது பொய்யேயாம்.

இனி, "நீரைக் காத்தல் அரசினர் கடன், அது நமக்கு என்னை?" என்பாருக்குச் சுன்னாகத்து வரலாறு விடை சொல்லும். அங்குள்ள மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் கலந்தது. ஊரார் திரண்டு முறையிட்டனர். 2015 இல் உயர் நீதிமன்றத்தை அடைந்த வழக்கிலே 2019 ஏப்பிரலில் தீர்ப்பாயிற்று; பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா கொடுக்குமாறு மின்னுற்பத்திக் கம்பெனி கட்டளையிடப்பட்டது. இதனால் இரண்டு உண்மை அறியற்பாலன. ஊரார் வாய்திறவாதிருந்தால் அந்நீதிதானும் கிடைத்திராது என்பது ஒன்று. நீதி தீங்கின் பின்னே வருவது. பணம் கிணற்றைத் தெளிவிக்கமாட்டாது என்பது மற்றொன்று. செல்வர் போத்தல் நீர் வாங்கிப் பிழைப்பர். வறியவர் கெட்ட கிணற்றையே மொள்வர். ஆதலால், நீரைக் கெடுத்தல் வறியவர் பாத்திரத்திலே கைவைத்தலாகும்.

ஆயின் ஊரார் செய்யத்தக்கன யாவை? மாரிக்கு முன்னே குளங்களையும் அவற்றுக்கு நீர் வரும் வாய்க்கால்களையும் துப்புரவாக்குதல் வேண்டும். தூர்ந்த குளம் நிலத்துக்கு நீர் ஊட்டாது. கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதுதல் வேண்டும்; இதனைப் பள்ளிக்கூடத்து மாணாக்கரே செய்யலாம். குடிக்குங் கிணற்றை ஆண்டுதோறும் பரிசோதிப்பித்தல் வேண்டும். குழிகளைக் கிணற்றுக்குத் தூரத்திலே, கசியாவண்ணங் கட்டுதல் வேண்டும். கமக்காரர் உரத்தைப் பயிர் வேண்டும் அளவினன்றி மிகுத்து இடலாகாது. கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றுவோரை ஊரவை தடுத்தல் வேண்டும். ஊற்றுபவன் உறவினனாயினும் பணக்காரனாயினும் தடுத்தல் வேண்டும். இக்கடைசிக் கடமையே அரியது. அயலான் முகங் கோணுமே என்று அஞ்சி வாளாவிருப்பவன், அயலான் பிள்ளைக்கும் தன் பிள்ளைக்கும் ஒருங்கே தீங்கு செய்தவனாவான்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமை யாவரும் அறிந்ததே. நம் ஆலயங்களிலே திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தல் வைத்து, வருவோர் யாவர்க்கும் மோரும் நீரும் வார்த்துப் புண்ணியந் தேடுகின்றோம். அது நல்லது. ஆயினும், சில நாள் நீர் வார்த்தவர் ஆண்டு முழுவதும் அந்நீரின் ஊற்றை நஞ்சாக்குவாராயின், அப்புண்ணியம் எவ்வளவு காலம் நிற்கும்? அன்பர்காள், நம் காலின் கீழுள்ள நீர்நிலையே நம் முன்னோர் நமக்கு விட்ட பெருந் தண்ணீர்ப்பந்தல். நாமும் அதனைக் கெடாது காத்து வருவோர்க்கு வைத்தல் நம் கடன்.