ஒப்பமிட்ட கை

ஒரு செயலின் பயன் வேண்டும், பழி மட்டும் வேண்டாம் என்று நினைப்பது மனித இயல்பு. இந்த இயல்பு சிம்மாசனத்தில் அமர்ந்துவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் சரித்திரத்தைப் படிக்கையில் எனக்கு அடிக்கடி எழும் கேள்வி இது.

எலிசபெத்தும் மேரி ஸ்டூவர்ட்டும் உறவினர்கள். எலிசபெத் புராட்டஸ்டண்டு, இங்கிலாந்தின் அரசி. மேரி கத்தோலிக்கச் சமயத்தவள்; ஸ்காட்லாந்தின் முடியை இழந்து, 1568-ல் அடைக்கலம் தேடி வந்தவள். ஆங்கில மகுடத்துக்கும் அவளுக்கு உரிமை இருந்தது. கத்தோலிக்கர் பலருக்கு அவளே உண்மையான அரசி. ஆகவே அடைக்கலம் கேட்டவளுக்கு ஏறக்குறைய 19 ஆண்டுக் காவல் கிடைத்தது. 1586-ல் எலிசபெத்தைக் கொல்லச் சதி நடந்தது. அதற்கு உடன்பட்டாள் என்று மேரியை விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள்.

1587 பிப்ரவரி 1-ஆம் தேதி எலிசபெத் ஆணையில் ஒப்பமிட்டாள். அன்றே மேரியின் காவலர் ஏமியாஸ் பாலட்டுக்கு, அவள் விருப்பப்படி ஒரு கடிதம் போயிற்று. வெட்டுமேடை இல்லாமல் இரகசியமாகக் காரியத்தை முடிக்கலாகாதா என்பது அதன் கருத்து. பாலட் கடுமையான பியூரிட்டன். மேரியின் மதத்தை வெறுத்தவர். ஆயினும், சட்டத்தை மீறி இரத்தம் சிந்த மனச்சாட்சி இடந்தராது என்று மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 8-ஆம் தேதி ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் தலை வீழ்ந்தது. செய்தி கேட்டு எலிசபெத் கதறினாள். ஆணையை அனுப்பும்படி தான் சொல்லவில்லை என்றாள். அதைக் கைமாற்றிய செயலாளர் டேவிசன் சிறைக்குப் போனார். 10,000 மார்க் அபராதம் வேறு.

அந்தக் கண்ணீர் முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். முடிசூடிய ஒருத்தியின் தலையை வெட்டினால், நாளை எந்த முடிதான் பத்திரம்? அவள் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால், நாட்டைக் காக்க வேறு வழியில்லை என்று நிமிர்ந்து சொல்லியிருந்தால், அதை ஏற்காதவர்களும் அவள் துணிவையாவது மதித்திருப்பார்கள். ‘நான் செய்யவில்லை’ என்றதும் அந்த நியாயமும் போயிற்று. தண்டனை நீதியானதென்றால் டேவிசன் ஏன் சிறையில் இருக்க வேண்டும்? அநீதியென்றால் ஒப்பம் யாருடையது?

மேரியை வெறுத்தும் அவளைக் கொல்ல மறுத்தவர் பாலட். அழுதுகொண்டே கொன்றவள் எலிசபெத். இருவரில் அறம் யாரிடம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உயிரோடிருந்தவரை அந்த அரசிகள் இருவரும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. இங்கிலாந்துக்கும் மன்னனான மேரியின் மகன் ஜேம்ஸ், 1612-ல் தாயின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொண்டுவந்தான். இன்று ஒரே ஆலயத்தில், சிறிது தூரத்தில், இருவரும் உறங்குகிறார்கள். பகை அடங்கிவிட்டது. ஒப்பமிட்ட கையின் பொறுப்பு மட்டும் அடங்கவில்லை; பிறரை ஏவிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒவ்வொருவரையும் அது இன்னும் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.