பிள்ளைகுட்டிக்காரர் கட்டிய அணை

திருக்கழுக்குன்றத்து மலையில் வேதகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு இறங்குகிறவர்கள், ஒருகல் மண்டபத்தைக் கண்டும் காணாமல் போய்விடுவதுண்டு. பல்லவர் குடைந்த மண்டபம் அது. உள்ளே கல்லில் அந்நிய எழுத்தில் சில பெயர்கள் கீறிக் கிடக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் உலாவாக மலையேறி வந்து பொறித்துவிட்டுப் போனவை. அந்தப் பெயர்களை இந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் யாரும் சூட்டியதாகக் கேள்வியில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் கதை வேறு. அங்கே பையன்களுக்குப் பென்னிகுக் என்று பெயர். கடைப் பலகையிலும் அதே பெயர். சில வீடுகளின் பூஜையறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், பெரியாற்றில் அணை கட்டித் தண்ணீர் தந்த, மீசை வைத்த அந்த வெள்ளைக்கார இன்ஜினீயரின் படமும் மாலையோடு தொங்கும். தை மாதம் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

பெரியபுராணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரை, அதாவது அப்பரை, அதுவரை நேரில் கண்டதேயில்லை. கேள்விப்பட்டதோடு சரி. ஆனாலும் மூத்த மகனுக்குத் திருநாவுக்கரசு, இளைய மகனுக்கும் திருநாவுக்கரசு. தண்ணீர்ப்பந்தல், குளம், வீட்டிலிருந்த அளக்கும் படி எல்லாவற்றுக்கும் அதே பெயர். வழியில் தண்ணீர்ப்பந்தலைப் பார்த்த அப்பர், உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை ஏன் எழுதினீர் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று சேக்கிழார் சுவையாகச் சொல்கிறார். அப்பர் இந்தக் கழுக்குன்றத்துக்கும் வந்து பாடியவர்தான். தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நன்றிக்குரியவர் பெயரை எழுதிவைப்பது நம் ஊர் வழக்கம். கம்பத்து விவசாயி செய்வதும் அதையேதான்.

ஜான் பென்னிகுக் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, புனேயில். 1841 ஜனவரி 15. தகப்பனார் படையில் பிரிகேடியர். சீக்கியப் போரில் 1849 ஜனவரி 13 அன்று சில்லியன்வாலாவில் அவர் விழுந்தார். உடலைக் காத்து நின்ற பதின்வயது மகன் அலெக்சாண்டரும் அங்கேயே மாண்டான். தம்பி ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் பாக்கி. பிறகு ஜானும் சீமையில் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் படித்துத் தேறி, 1860-இல் சென்னை மாகாணத்துப் பொறியாளர் படைக்கு வந்து சேர்ந்தார். 1879-இல் கல்யாணம். ஐந்து பெண்கள், ஒரு பையன்.

மேற்கே கடலுக்கு ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பும் யோசனை அவருடையதல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு ஆளனுப்பிப் பார்த்து, செலவு கட்டாது என்று விட்டார். 1808-இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் ஆகாத காரியம் என்று எழுதினார். 1850-இல் ஆரம்பித்த வேலை காய்ச்சலிலும் கூலித் தகராறிலும் நின்றது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தையே சூறையாடிய பிறகுதான் அரசாங்கத்துக்குச் சுரணை வந்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுக் கையில் வந்தது.

இப்படிப் பிறர் தொடங்கியதை ஏற்று நடத்துவதற்குக் கழுக்குன்றத்துக் கோயிலிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய அரசன் மூலட்டானத்துக்கு விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அப்படியே காத்தான். அதைப் பிறகு ராஜகேசரி மறுபடியும் உறுதிசெய்தான் என்று ஒரு கல்வெட்டு பேசுகிறது. அந்த ராஜகேசரி முதலாம் ஆதித்த சோழன் என்பது ஆய்வாளர் கணிப்பு. இடையில் வம்சமே மாறிவிட்டது, தருமம் மாறவில்லை. தான் தொடங்காத ஒன்றைத் தன்னுடையது போலப் பார்த்துக்கொள்வது தொடங்குவதைவிடச் சிரமமான வேலை, புகழும் குறைவு.

1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருஷ ஒப்பந்தம். அடுத்த வருஷம் வேலை ஆரம்பம். தேக்கடிக் காட்டில் யானையும் மலேரியாவும். மழைக்காலத்து வெள்ளம் போட்ட கரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. மறுபடி போட்டார்கள், மறுபடி போனது. சிமெண்ட் அல்ல, சுட்ட செங்கல்லைப் பொடித்த சுர்க்கியும் சுண்ணாம்பும் குழைத்த காரையில்தான் அணை எழும்பியது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து மலைக்குச் சாமான் ஏற்றக் கம்பிவடப் பாதை போட்டார்கள். மலையைக் குடைந்த சுரங்கம் மட்டும் ஒரு மைலுக்கு மேல். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார்.

இங்கேதான் மேடைகளில் ஒரு கதை சொல்லப்படும். அரசாங்கம் பணம் தர மறுத்ததாம்; பென்னிகுக் சீமைக்குப் போய் வீட்டையும் மனைவியின் நகையையும் விற்று வந்து அணையை முடித்தாராம். கேட்கக் கண் கலங்கும். ஆனால் அணை சென்னை அரசாங்கத்தின் திட்டம், அரசாங்கச் செலவில் எழுந்தது. சொத்து விற்ற கதைக்கு உறுதியான ஆவணம் இல்லை. ஆன்மிக மேடையில் நிற்பவர் அதை உண்மை என்று சொல்லக் கூடாது.

ஆனால் இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்று பார்ப்பது சுவாரஸ்யம். திருக்கடவூர்க் குங்கிலியக்கலயர், பட்டினி கிடக்கும் வீட்டுக்கு நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினார். அந்த அச்சிலேயே வெள்ளைக்காரரையும் வார்த்துவிட்டார்கள். மாதச் சம்பளம் வாங்கியவர், ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன், கிரிக்கெட்டில் மோகம் கொண்டவர் என்றால் நமக்குப் போதவில்லை. வீட்டைத் துறந்தால்தான் பெரியவர் என்று ஏற்றுக்கொள்கிறோம். நாயன்மார் அறுபத்துமூவரில் பெரும்பாலோர் குடும்பஸ்தர் என்பதும், குயவராகவும் வண்ணாராகவும் தத்தம் தொழிலில் இருந்தபடியே தொண்டு செய்தார்கள் என்பதும் அந்த நேரத்தில் மறந்துபோகும். பென்னிகுக் மாகாணத் தலைமைப் பொறியாளர் பதவிவரை உயர்ந்து, ஊர் திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவரானார். 1899-இல், ஐம்பத்தெட்டு வயதில் பிறந்த மகன் பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதி. 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் வீட்டுக்காரராகவே காலமானார். பக்கத்து ஃபிரிம்லி தேவாலயத்தில் அடக்கம். சொத்து விற்ற கதை இல்லாமலே அணை நிற்கிறது. அவர் பெருமையில் ஒரு குந்துமணி குறையவில்லை.

லோயர் கேம்பில் 2013-இல் தமிழக அரசு மணிமண்டபம் கட்டியது. 2022-இல் கேம்பர்லியிலும் சிலை வைத்தது. ஜூன் பிறந்து அணையில் நீரும் இருந்தால் தேக்கடி மதகைத் திறந்து, பூத்தூவி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள்.

அந்தப் பூவில் ஒரு பங்கு இன்னொரு கூட்டத்துக்கும் சேர வேண்டியது. கட்டும்போது காய்ச்சலிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் இறந்தார்கள். அவர்களும் பிழைக்க மலையேறிய குடும்பஸ்தர்கள்தான். ஊரில் யாரோ காத்திருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை எந்தப் பிள்ளைக்கும் வைக்க வழியில்லை. தர்ப்பணம் கொடுக்கையில் கடைசியாக, தாயோ தகப்பனோ பந்துவோ இல்லாதவர்களுக்கு என்று ஒரு கை நீர் விடும் முறை உண்டு. அவசரத்தில் பல இடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். வேண்டுகிறவர்கள் புரோகிதரிடம் கேட்டு வாங்கித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.