மனசு வலித்தால் போதுமா?

"தப்பு செஞ்சவனுக்கு அவன் மனசாட்சியே தண்டனை" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். நண்பர்களே, அந்த வலியால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது?

தஸ்தயேவ்ஸ்கி 1866-ல் எழுதிய 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் பார்ப்போம். எம்.ஏ. சுசீலா இதைத் தமிழில் தந்திருக்கிறார். கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ், பணமில்லாமல் படிப்பை விட்ட பல்கலைக்கழக மாணவன். அசாதாரண மனிதர்களுக்குச் சட்டத்தை மீறும் உரிமை உண்டு என்று நம்புகிறான். அடகு பிடிக்கும் கிழவியைக் கொல்கிறான். எதிர்பாராமல் வந்துவிட்ட அவள் தங்கையையும் கொல்கிறான். எடுத்ததை ஒரு கல்லுக்கடியில் ஒளித்துவிட்டு, அதைத் தொடக்கூட இல்லை. காய்ச்சல், பிதற்றல், பயம்... படிக்கிற நமக்கே அவன்மேல் பாவமாக இருக்கும்.

ஆனால் அவன் இப்படித் துடிக்கும் அதே நாட்களில், மிகோல்கா என்ற பெயிண்டர் சந்தேகத்தில் பிடிபடுகிறான். பிறகு அவனே மனம் கலங்கி, செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்லிவிடுகிறான். ரஸ்கோல்னிகோவின் வேதனை அவனுக்கு ஒரு துளியும் உதவவில்லை. காவல் நிலையத்துக்குப் போய் வாய் திறந்ததுதான் உதவியது. அப்போதுகூட ரஸ்கோல்னிகோவ் முழுசாகத் திருந்தவில்லை. சைபீரியச் சிறையில்தான் அந்த மாற்றம் மெதுவாக வருகிறது. மனசு தயாராகட்டும் என்று காத்திருந்தால், மிகோல்காவின் கதி என்ன?

நம் சிலப்பதிகாரத்துப் பாண்டிய மன்னன் தெரிந்தே தப்பு செய்தவன் அல்ல. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும்தான் உண்மை தெரிகிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க அவன் பார்க்கவில்லை. கண்ணகியின் முன்னாலேயே தானே கள்வன் என்று ஏற்றுக்கொள்கிறான். அவன் உயிர் விட்டதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அநீதி இழைக்கப்பட்டவளின் முகத்தைப் பார்த்து அவன் உண்மையைச் சொன்னதுதான்.

நம்ம கதைக்கு வருவோம். ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் யாரோ ஒருவருடைய மோட்டாரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவிலில் அர்ச்சனை செய்கிறார், மனசு லேசாகிறது. மோட்டார்காரரோ இன்னும் வொர்க்‌ஷாப்பில், ரிப்பேர் காசுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்.

கோவிலுக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே கேட்க வேண்டியது மன்னிப்பு மட்டும் அல்ல; அந்த மனிதரைத் தேடிப்போய், "நான்தான் இடிச்சேன், எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கும் தைரியத்தையும்தான்.